வானம் சிவந்தது, யாரும் நம்பவில்லை

2019 செப்டம்பர் 21, சனிக்கிழமை, நண்பகல் நேரம். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் ஜம்பி என்றொரு மாநிலம் இருக்கிறது. அங்குள்ள ஒரு கிராமத்தில் வானம், சாலை, வீட்டுச் சுவர், மரம் எல்லாம் இரத்தச் சிவப்பாக மாறின. ஓர் இளம்பெண் அதைக் கைப்பேசியில் படம் எடுத்து முகநூலில் போட்டார். படம் ஆயிரக்கணக்கானோரிடம் பரவியது. கூடவே ஒரு பேச்சும் பரவியது: "இது ஃபில்டர் போட்ட படம். பொய்."

அது பொய் இல்லை. ஃபில்டர் எதுவும் போடவில்லை, கண்ணால் கண்டதும் இதே நிறம்தான் என்று அந்தப் பெண் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் இந்தோனேசிய வானிலை நிறுவனமே முன்வந்து விளக்கம் கொடுத்தது. காட்டுத்தீயின் புகை அந்த வட்டாரத்தின் மேல் மிகவும் அடர்த்தியாகத் தங்கியிருந்தது. சிவப்பு ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.7 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோமீட்டர். புகையில் மிதந்த துகள்களில் ஏராளமானவை அந்த அளவை ஒட்டி இருந்ததால் சிவப்பு ஒளியே மிகுதியாகச் சிதறிக் கண்ணுக்கு வந்தது என்றது அந்த நிறுவனம். துகளின் அளவும் ஒளியின் அலைநீளமும் நெருங்கி வரும்போது நடக்கும் இந்தச் சிதறலுக்கு மீ சிதறல் என்று பெயர். 1908-இல் இதற்குக் கணக்கு எழுதிய குஸ்தாவ் மீ என்ற ஜெர்மன் இயற்பியலாளரின் பெயர் அது.

மலாக்காவின் புக்கிட் காத்திலில் இருக்கும் உங்களுக்குப் புகைமூட்டம் புதிதில்லை. சுமத்ரா நமக்கு மலாக்கா நீரிணையின் அக்கரைதான். அந்தச் செப்டம்பரில் மலேசியாவிலும் பல மாநிலங்களில் பள்ளிகளை மூடினார்கள். அதற்கும் முன்னால், 2013 ஜூன் 23 அன்று, நமக்குப் பக்கத்து ஊரான மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐத் தொட்டது. 300-ஐத் தாண்டினாலே ஆபத்து என்பார்கள். மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அக்கா, அண்ணன், அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அப்போது கண் எரிந்ததை மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் உண்மையான சிவப்பு வானத்தை ஏன் அத்தனை பேர் நம்பவில்லை? அதற்கு முன் அவர்கள் பார்த்த ஆயிரம் வானங்கள் பொய்ச் சிவப்பு. மாலை வானத்தை இன்னும் சிவப்பாக்கி, கடலை இன்னும் நீலமாக்கி, புல்லை இன்னும் பச்சையாக்கிப் போட்ட படங்களையே நாள் முழுக்கப் பார்த்தவர்களுக்கு, நிஜமாகவே வானம் சிவந்தபோது அதுவும் அந்தக் கூட்டத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. கைப்பேசிப் படத்துக்கு ஃபில்டரை அளவுக்கு மீறிப் போடுவதைப் பற்றி உங்களிடம் பேச நான் ஆசைப்படுவது இதனால்தான். இது அழகு சம்பந்தப்பட்ட சண்டை இல்லை. படம் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை நாமே கெடுத்துவிடக் கூடாது.

முதலில் ஒரு நல்ல செய்தி சொல்கிறேன். ஃபில்டர் பிறந்ததே உண்மையான நிறத்தைக் கண்டுபிடிக்கத்தான்.

1861-இல் இலண்டனில் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்து இயற்பியலாளர் ஓர் அதிசயம் காட்டினார். அக்காலத்தில் ஏறக்குறைய எல்லாப் படமும் கறுப்பு வெள்ளைதான். மேக்ஸ்வெல்லுக்காக தாமஸ் சட்டன் என்ற புகைப்படக்காரர் கட்டம் போட்ட ஒரு நாடாவை மூன்று முறை படம் எடுத்தார். ஒருமுறை சிவப்பு வடிகட்டி, அதாவது ஃபில்டர், வழியாக, ஒருமுறை பச்சை வழியாக, ஒருமுறை நீலம் வழியாக. பிறகு அந்த மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களையும் அதே நிற ஒளிகளால் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய்ச்சினார்கள். நாடாவின் நிறங்கள் திரையில் எழுந்து வந்தன. நம் கண்ணுக்குள் மூன்று வகைக் கூம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வகைக்கும் ஒளியின் ஒரு பகுதிமேல் கூடுதல் உணர்திறன். அந்த மூன்றையும் கலந்துதான் மூளை நிறத்தை அறிகிறது. மேக்ஸ்வெல் செய்தது அதே வேலை.

உங்கள் வீட்டுக் கைப்பேசிக்குள்ளும் இன்று இதுதான் நடக்கிறது. கேமராவின் உணரி சிலிக்கானால் ஆனது. சிலிக்கானுக்கு நிறம் தெரியாது. எவ்வளவு ஒளி வந்து விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் உணரியின் ஒவ்வொரு புள்ளிக்கும் மேலே ஒரு குட்டி வடிகட்டியை வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் என்பவர் இதற்கு ஓர் அமைப்பை உருவாக்கி 1976-இல் காப்புரிமை பெற்றார். நான்கு புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சைக்கு ஏன் இரண்டு? வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தையும் நுணுக்கமான விவரத்தையும் நம் கண் பெரும்பாலும் பச்சைப் பகுதி ஒளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஆக, ஒரு கோடியே 20 இலட்சம் புள்ளிகள் உள்ள கேமரா என்றால் 60 இலட்சம் பச்சை, 30 இலட்சம் சிவப்பு, 30 இலட்சம் நீலம்.

ஒரு நகக்கண் அளவு இடத்தில் இத்தனை வடிகட்டிகள்! ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறத்தின் அளவுதான் நேராகத் தெரியும். மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கைப்பேசி கணக்குப் போட்டு நிரப்புகிறது. நீங்கள் பொத்தானை அழுத்திய அந்த நொடியில் இவ்வளவும் நடந்து முடிந்துவிடுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கைப்பேசி இன்னொரு கணக்கும் போடுகிறது. இந்தக் காட்சியில் வெள்ளை எது என்று ஊகிக்கிறது. மஞ்சள் விளக்கின் கீழ் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத்தான் உணரியில் விழும். கைப்பேசி மஞ்சளைக் குறைத்துச் சட்டையை வெள்ளையாக்கிவிடுகிறது. பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். சிலநேரம் தவறிப்போகும். 2020 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் காட்டுத்தீப் புகையால் பகல் வானம் ஆரஞ்சு நிறமாகிவிட்டது. மக்கள் கைப்பேசியைத் தூக்கினார்கள். பல கைப்பேசிகள் அந்த ஆரஞ்சை ஏதோ விளக்கு வெளிச்சம் என்று எண்ணிக் குறைத்துவிட்டன. படத்தில் வந்தது சாம்பல் வானம். கண்ணுக்கு ஆரஞ்சு, படத்துக்குச் சாம்பல். ஃபில்டர் எதையும் தொடாமலேயே இது நடந்தது. அங்கே சிலர் வெள்ளைச் சமநிலை என்ற அந்த ஊகத்தைக் கையால் திருத்தித்தான் உண்மையான நிறத்தைப் பிடித்தார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. திருத்தம் உண்மையை நோக்கியும் போகலாம்.

சரி, இத்தனை பாடுபட்டுக் கேமரா கொண்டுவந்த நிறத்தின்மேல் நாம் செயலியில் ஒரு ஃபில்டர் போடும்போது என்ன ஆகிறது? 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்த பிறகு ஒரே தட்டலில் படத்தின் நிறத்தை மாற்றும் வசதி கோடிக்கணக்கான கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு தட்டலுக்குள் இருப்பது வெறும் எண் கணக்கு. ஆண்டு நான்கு மாணவர்கூடப் போட்டுவிடலாம்.

படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் உண்டு. சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. சாதாரணப் படத்தில் ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரைதான் போகும். 256-ஐ 256-ஆலும் மறுபடி 256-ஆலும் பெருக்கிப் பாருங்கள். ஒரு கோடியே 67 இலட்சத்துக்கும் மேல் நிறங்கள் கிடைக்கும். அதில் எத்தனையோ நுட்பமான சாயல்களை எழுதிவிடலாம்.

இப்போது மலாக்கா நகரத்துக்குப் போவோம். டச்சுச் சதுக்கத்தில் ஸ்டாட்ஹைஸ் கட்டடமும் 1753-இல் கட்டி முடித்த கிறைஸ்ட் தேவாலயமும் சிவப்பாக நிற்கின்றன. தேவாலயம் முதலில் வெள்ளை நிறத்தில் இருந்ததும், 1911-இல்தான் இந்தச் சிவப்பு வந்ததும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வெயில் விழும் ஒரு சுவரைப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூச்சு புதிதாக இருக்கும் இடத்தில் சிவப்பு எண் 245. கொஞ்சம் மங்கிய இடத்தில் 230. மழைக்கறை படிந்த இடத்தில் 215. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் அது நிஜச் சுவராகத் தெரிகிறது. இப்போது 'பளிச்' என்று காட்டும் ஒரு ஃபில்டர் எல்லாவற்றுக்கும் 60 கூட்டுகிறது. 305, 290, 275 வரவேண்டும். ஆனால் 255-க்கு மேல் இடமில்லை. நிரம்பிய குவளையில் மேலும் ஊற்றிய தண்ணீர் தரையில் ஓடிவிடுவதுபோல மிச்சம் எல்லாம் போய்விடும். மூன்று இடத்திலும் 255. கறை இல்லை, மங்கல் இல்லை, சுவரும் இல்லை. சிவப்பு அட்டை ஒன்றுதான் மிஞ்சும்.

"அதனால் என்ன, பிறகு 60 குறைத்துவிடலாமே" என்று கேட்பீர்கள். குறைத்துப் பாருங்கள். 195, 195, 195. மழைக்கறை திரும்பி வராது. எந்த இடம் 215-ஆக இருந்தது என்பது கைப்பேசிக்கே தெரியாது. ஃபில்டர் போட்ட படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அசலை அழித்துவிட்டால் நடப்பது இதுதான். செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்குப் போகும்போது கவனியுங்கள். மஞ்சள் உடுத்தியவர்கள் வெயிலில் நிற்கும் படத்துக்கு ஒரு பளிச் ஃபில்டர் போட்டால் துணியின் மடிப்புகள் எல்லாம் கரைந்து வெறும் மஞ்சள் திட்டாகிவிடும்.

முகத்தை வழுவழுப்பாக்கும் ஃபில்டர் வேறு கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதைச் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியைக் கொடுக்கிறது. தாத்தாவின் கன்னத்தில் ஒரு சிறு மச்சம். அந்தப் புள்ளியின் எண் 30. சுற்றி எட்டுப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 120. ஒன்பதையும் கூட்டினால் 990. ஒன்பதால் வகுத்தால் 110. 30-ஆக இருந்த மச்சம் 110 ஆகி, 120-களுக்கு நடுவே கண்ணுக்கே தெரியாமல் போகிறது. இன்றைய செயலிகள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கின்றன. கண், மூக்கு, உதடு, தாடை எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடித்து, கண்ணின் ஓரத்தைக் கூர்மையாக விட்டுவிட்டு, தோலை மட்டும் தேய்க்கின்றன. சில செயலிகள் கண்ணைப் பெரிதாக்கித் தாடையையும் ஒடுக்கிவிடுகின்றன.

தோலின் நிறத்தையும் வெளுப்பாக்குகின்றன. இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், மறைக்க மாட்டேன். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டே பாகையில் வாழ்கிறோம். வெயில் தலைக்கு மேலே நிற்கும் ஊர். நம் தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறப்பொருள் சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுத்து உடலைக் காக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் மனித உடல் கற்றுக்கொண்ட பாடம் அந்தக் கறுப்பு. அதைக் குறையாக எண்ணித் திருத்த ஒரு செயலிக்கு என்ன உரிமை இருக்கிறது?

படச்சுருள் காலத்திலேயே இந்தக் கதை இருந்தது. படம் கழுவும் கூடங்களில் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி அட்டை வைத்திருந்தார்கள். ஷெர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று முடிவு செய்தார்கள். கறுத்த முகங்கள் விவரமே இல்லாமல் இருண்டு விழுந்தன. பிறகு கோடாக் தன் படச்சுருளில் பழுப்பு நிறங்களைத் திருத்தியது. சாக்லேட் செய்பவர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தங்கள் பொருள்களின் பழுப்பு வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும் அதற்கு ஒரு காரணம் என்று லோர்னா ரோத் என்ற கனடா ஆய்வாளர் எழுதியிருக்கிறார். இத்தனை பாடுபட்டு இன்றைய கேமரா நம் முகத்தின் சாயல்களைப் பதியக் கற்றிருக்கிறது. ஒரு வெளுப்பு ஃபில்டரால் அதை நாமே துடைத்துவிடலாமா? சில கைப்பேசிகளின் முன் கேமராவில் அழகூட்டும் வசதி நாம் கேட்காமலேயே திறந்திருக்கும். அம்மா அப்பாவிடம் சொல்லி அமைப்புகளில் தேடி அணைத்துவிடுங்கள்.

நார்வே நாட்டில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 2022 ஜூலை முதல் அங்கே விளம்பரப் படத்தில் உடலின் வடிவத்தையோ அளவையோ தோலையோ மாற்றியிருந்தால் அப்படி மாற்றியதை அந்தப் படத்திலேயே குறிப்பிட வேண்டும்.

எல்லா ஃபில்டரும் கெட்டது இல்லை. நாய்க்காது, பூனைமீசை வைத்துத் தங்கையோடு சிரித்து விளையாடுங்கள். பார்ப்பவருக்கும் அது விளையாட்டு என்று தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. விண்வெளி ஆய்வாளர்கள்கூட நிறம் கொடுக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பதிவு செய்கிறது. அதைக் கண்ணுக்குத் தெரியும் நிறங்களாக மாற்றித்தான் நமக்குத் தருகிறார்கள். ஆனால் எந்த வடிகட்டியில் வந்த ஒளிக்கு எந்த நிறம் கொடுத்தார்கள் என்பதையும் எழுதி வெளியிடுகிறார்கள். மாற்றியதைச் சொல்லிவிட்டால் படம் சாட்சியாகவே இருக்கும்.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. கொஞ்சமாகப் போடத் தொடங்குகிறவர்கள் ஏன் அளவு மீறிப் போகிறார்கள்? காரணம் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது. ஒரு சோதனை செய்யுங்கள். மஞ்சள் நிற ஒளிபுகும் மிட்டாய்த் தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அந்தத் தாள் வழியாக வெளிச்சமான அறையை ஒரு நிமிடம் பாருங்கள். சூரியனையோ விளக்கையோ நேராகப் பார்க்கவே கூடாது. பிறகு தாளை எடுத்துவிட்டு வெள்ளைச் சுவரை ஒவ்வொரு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். மஞ்சளைப் பார்த்த கண்ணுக்குச் சுவர் சற்று நீலமாகத் தெரியும். சுவர் மாறவில்லை. அந்தக் கண் மஞ்சளுக்குப் பழகித் தன் உணர்திறனைக் குறைத்துக்கொண்டது.

நிறத்தைக் கூட்டும்போதும் இதுவே நடக்கிறது. செயலியில் நிறச் செறிவைக் கொஞ்சம் கூட்டுகிறீர்கள். பளிச்சென்று இருக்கிறது. சற்று நேரத்தில் கண் பழகிவிடுகிறது. இப்போது அதுவே சாதாரணம். இன்னும் கொஞ்சம் கூட்டுகிறீர்கள். அதற்கும் பழகுகிறது. அசலைத் திரும்பப் பார்த்தால் செத்த படமாகத் தோன்றும். அசல் செத்துப்போகவில்லை, உங்கள் கண்தான் இடம் மாறி நிற்கிறது. அதனால் படத்தைத் திருத்தினால் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நிஜமான இலையையும் நிஜமான வானத்தையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு திரும்பிப் பாருங்கள். எவ்வளவு மீறிவிட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நம் தோட்டங்களில் நிறம் வெறும் அழகு இல்லை, அது தகவல். செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதைக் காயின் கருமை செம்மஞ்சளாக மாறுவதையும் கீழே உதிர்ந்த பழங்களையும் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். 2017 முதல் மலேசிய ரப்பர் மரங்களைப் பெஸ்டலோட்டியோப்சிஸ் என்ற பூஞ்சையின் இலையுதிர்வு நோய் பிடித்திருக்கிறது. இலையில் பழுப்பு வட்டங்கள் தோன்றும். பிறகு இலை கொட்டிவிடும். பாலும் குறைந்துவிடும். அந்த இலையின் படத்தில் பச்சையைக் கூட்டும் ஃபில்டர் போட்டு ஒரு விவசாய அதிகாரிக்கு அனுப்பினால் அவர் எந்த நிறத்தைப் பார்த்து முடிவு சொல்வார்? தோலில் வந்த தடிப்பைப் படம் எடுத்து மருத்துவருக்குக் காட்டும்போதும் இதே கேள்விதான்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரம் இருந்தால் ஒரு கொத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சந்தையில் பச்சையாக வாங்கிய வாழைப்பழச் சீப்பு போதும். தினமும் ஒரே நேரத்தில், நிழலில், ஒரே தூரத்தில் நின்று ஃபில்டர் எதுவும் இல்லாமல் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் பழத்துக்குப் பக்கத்தில் ஒரே வெள்ளைத் தாள் இருக்க வேண்டும். தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதியை எழுதிவிடுங்கள். பழுத்து முடிந்ததும் எல்லாப் படங்களையும் வரிசையாக வையுங்கள். ஏதாவது ஒரு படத்தில் தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், அன்று கைப்பேசியின் ஊகம் தவறியிருக்கிறது. அந்தப் படத்தில் பழத்தின் நிறத்தை நம்பாதீர்கள். தாள் எல்லாவற்றிலும் ஒரே வெள்ளையாக இருந்தால், பச்சையிலிருந்து நிறம் எந்த நாளில் மாறத் தொடங்கியது என்பதை உங்கள் வகுப்பில் யார் கேட்டாலும் படத்தைக் காட்டியே சொல்லலாம்.